பஸ் ஓடாத செவ்வாய்க்கிழமை

"மச்சான், இஞ்ச நிண்டு பிரயோசனம் இல்லை. இண்டைக்கு பஸ் ஓடாது."

பஸ் தரிப்பிடத்தில் அறை நண்பன் குலேந்திரன் இப்படிச் சொன்னதும் வரதராசா கையிலிருந்த விசாரணைக் கடிதத்தை இன்னொரு தடவை பிரித்துப் பார்த்தான்.

"ஓடாதெண்டால்? நேற்று ஓடினதுதானே?"

"நேற்று ஓடினது. இண்டைக்கு வேலைநிறுத்தம். ஓட்டுற ஆக்கள் எல்லாம் கொடி பிடிச்சுக்கொண்டு நிக்கினம். மெட்ரோவும் இல்லையாம்."

வரதராசா சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் லோசான் நகருக்கு வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 'போன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினான். அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை அன்று காலை எட்டரைக்கு. நேரில் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று, கடிதத்தை வாசித்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். மூடினால் அடுத்தது கொழும்பு விமானம்தான். 1985இல் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன் கொழும்பில் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று அவனுக்கு யாரும் வாசித்துச் சொல்லத் தேவையில்லை.

"நடந்து போனால்?"

"முழுக்க ஏத்தம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல செல்லும். இப்பவே எட்டு மணி."

"டாக்சி?"

"இண்டைக்கு டாக்சி பிடிக்கிறதும் ஒண்டுதான், யானை பிடிக்கிறதும் ஒண்டுதான். றோட்டுக் கரையில நிண்டு கையைக் காட்டு. ஆராவது ஏத்துவினம். நான் வேலைக்கு ஓடுறன் மச்சான், பிந்தினால் ஹோட்டல் குசினியில கத்தப் போறாங்கள்."

குலேந்திரன் ஓடிவிட்டான்.

ஊரே தெருவில் இருந்தது. கோட்டும் டையும் போட்ட கனவான்கள் சைக்கிளில் மூச்சு வாங்க மேட்டில் ஏறினார்கள். ஒரு சின்னக் காருக்குள் ஆறு பேர் மடியில் மடியாக உட்கார்ந்து போனார்கள். வரதராசா ஊரில் மினிபஸ் மறிப்பதுபோல் கையை நீட்டி ஆட்டினான். இரண்டு பேர் பதிலுக்குச் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

மணி எட்டு பத்து. அழுகை வரும்போல் இருந்தது.

"வா! வா!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெரிசலில் சிக்கி நின்ற ஒரு நீலக் காரின் கண்ணாடி திறந்திருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண்மணி கையை வெளியே நீட்டி, வேகமாக ஆட்டிக்கொண்டு, தெள்ளத் தெளிவாகக் கூப்பிட்டார்.

"வா! வா! வா!"

நல்லூர் முருகன்தான் வாயைத் திறந்துவிட்டான் என்று வரதராசா நினைத்தான். ஒரே பாய்ச்சலில் போய்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான்.

"மெர்சி! மெர்சி அம்மா!"

அந்தப் பெண்மணி வாயைத் திறந்தபடி அவனையே பார்த்தார். பாவம், கூப்பிட்டுக் களைத்துவிட்டார் போலும். அவன் கடிதத்தை நீட்டி, எட்டரை என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினான். அவர் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். அவன் முகத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்கள். ஒரு பெருமூச்சு விட்டு, காரை அப்படியே திருப்பி மேட்டில் விட்டார். ஏதோ குறுக்குவழி என்று வரதராசா எண்ணிக்கொண்டான்.

வழியெல்லாம் அவன் தமிழிலேயே கதைத்தான். அம்மா தனியாக இருப்பதையும், தம்பி எங்கே என்று தெரியாததையும் சொன்னான். அவர் பிரெஞ்சில் ஏதேதோ ஆறுதலாகச் சொன்னார்.

எட்டு இருபத்தேழுக்கு, விசாரணை நடக்கும் கந்தோர் வாசலில் கார் நின்றது.

உள்ளே விறாந்தையில் மொழிபெயர்ப்பாளர் சச்சிதானந்தன் காத்திருந்தார். பத்து வருடமாக அந்த ஊரில் இருப்பவர்.

"வரதராசாவோ? நீர் வரமாட்டீர் எண்டெல்லோ நினைச்சன். எப்பிடி வந்தனீர்?"

"ஒரு தெய்வம் கொண்டுவந்து விட்டது அண்ணை. வெள்ளைக்கார அம்மா. அவவுக்குத் தமிழ் தெரியும்!"

"லோசானிலையோ? தமிழோ?"

"சத்தியமா அண்ணை. றோட்டில நிண்ட என்னை 'வா, வா' எண்டு கூப்பிட்டு ஏத்தினவ. ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. இஞ்ச இறக்கிவிட்டாப் பிறகும் 'வா, வா' எண்டா. என்னமோ ஏதோவெண்டு திரும்பி ஓடினன். சிரிச்சுக்கொண்டு முதுகில தட்டி, வாசல் பக்கமாத் தள்ளிவிட்டா."

சச்சிதானந்தனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "கார் எந்தப் பக்கம் பாத்து நிண்டது?"

"கீழ, ஏரிப் பக்கம். நான் ஏறினாப் பிறகுதான் திருப்பினவ."

"முன்னுக்கு வேற கார் நிண்டதோ?"

"ஓம், ஒண்டு அசையாமல் நிண்டது."

சச்சிதானந்தனின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் தோளில் கையை வைத்தார்.

"தம்பி, பிரெஞ்சில 'வா' எண்டால் 'போ' எண்டு அர்த்தம். அவ முன்னுக்கு நிண்ட காரைப் பாத்துக் கத்தியிருக்கிறா. உம்மை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

கூப்பிடாமலே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தவனிடம் 'இறங்கு' என்று ஒரு தடவைகூடச் சொல்லாத அந்த முகத்தை நினைத்து, விசாரணை அறைக்குள் போகுமுன்பே வரதராசா அழுதுவிட்டான்.