பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம்

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. உப்பளத் தொழிலாளர்களின் கண்நோய் பற்றி இசக்கியம்மாள் எழுதிய ஆய்வுத் திட்டத்துக்குக் கைடின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கைடு ஓர் இயந்திரம். பழைய பேராசிரியர்களின் அறிவை மட்டும் அதற்கு ஊட்டியிருந்தால் வம்பில்லை. பழக்கவழக்கத்தையும் சேர்த்து ஊட்டிவிட்டார்கள்.

"திட்டம் இருக்கட்டும்மா. பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து வீட்ல விட்டுரு" என்றது போனில்.

"சார், உங்களுக்கு ஏது பாப்பா?"

"இப்படிக் கேட்டவங்க யாரும் டாக்டர் ஆனதில்ல."

இசக்கி பள்ளி வாசலுக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே ஆய்வு மாணவர் கூட்டம் ஒன்று மணி பார்த்தபடி தவித்துக்கொண்டிருந்தது.

"உங்க கைடுக்கும் பாப்பாவாக்கா?"

"எனக்கு ரெட்டப் பிள்ளைகடி" என்றாள் விலங்கியல்காரி.

கடைசிப் பிள்ளையும் போனதும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். மணி நாலே முக்கால். நகத்தைக் கடித்துத் தீர்த்த இசக்கி, துணிந்து போனை எடுத்தாள்.

"பாப்பாவ வீட்ல விட்டுட்டேன் சார்."

"விட்டது சரி, அழுதுக்கிட்டே இருக்காளே! ஐஸ் கேட்டாளாம், நீ வாங்கித் தரலையாம். அவ அழுகை நிக்கட்டும், கையெழுத்துப் போடுறேன்."

ஐஸ் வண்டியைத் தேடி ஓடிக்கொண்டே இசக்கி போனில் கேட்டாள்:

"கோனா, கப்பா சார்?"