ஒற்றைப் பனை

கோடாலி எகிறித் தெறித்தது. பனையின் வைரம் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் மறுபடியும் ஓங்கினாள். விடிந்ததிலிருந்து வெட்டுகிறாள். உள்ளங்கை கிழிந்து காம்பு வழுக்கியது.

கோட்டை கைமாறுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கொடியின் நிறம் மாறும், தொப்பியின் நிறம் மாறும். குப்பத்துக்கு வந்து இலவசமாக மீன் கேட்கிற அதிகாரம் மட்டும் மாறாது. ஆனால் இதுவரை யாரும் மீன்காரனைச் சுட்டதில்லை.

நேற்று வந்தவர்கள் சுட்டார்கள்.

கடலில் எந்தப் பாய் தெரிந்தாலும் பீரங்கிதான் என்று தமுக்கடித்தார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் காத்தாயியின் புருஷன் கட்டுமரத்தோடு சிதறிப்போனான். கரையில் கிடந்த கட்டுமரங்களையெல்லாம் கொளுத்திவிட்டார்கள். கடலில் இருப்பவர்களிடம் போய்ச் சொல்ல வழியில்லை.

பனையை வெட்டுகிறவளின் புருஷன் தேசப்பன் அதற்கு முன்பே கடலுக்குப் போனவன். இன்று திரும்புவான். எதுவும் தெரியாமல் திரும்புவான்.

கடலிலிருந்து பார்க்க ஒற்றைப் பனையும் கோட்டைக் கொடிமரமும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் பாறைகளுக்கு நடுவே வழி. மூட்டமான நாளில் பனை தெரியாவிட்டால் கரைக்குக் கிட்டவே வரமாட்டான். தெற்கே முகத்துவாரத்துக்குப் போய்விடுவான். அங்கே பீரங்கி எட்டாது.

குப்பத்தில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. உதவவும் இல்லை. அந்தப் பனையை நம்பித்தான் ஊரே கரைசேர்ந்தது.

காத்தாயி வந்தாள். கோடாலியை வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாயும்போது பனை விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் பாய் தெரிந்தது. நடுவில் சிவப்பு ஒட்டு. அவள் தைத்த ஒட்டு.

பாய் தயங்கியது. இருந்த இடத்திலேயே அலைந்தது.

பனையைத் தேடுகிறான்.

கோட்டைச் சுவர்மேல் ஆட்கள் ஓடினார்கள்.

போயிடு, போயிடு என்று முனகினாள். இனி எப்போது பார்ப்போமோ, பார்ப்போமோ மாட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

மேட்டில் நின்ற அடிமரத்தின்மேல் ஏறினாள்.

பாய் மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது.

காத்தாயி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்துடி. நீயே பனையாட்டம் நிக்கிற."

அவள் குந்தினாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

காத்தாயி மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்த சேலையை விடவில்லை.