கடைசிக் காட்சியில் என்ன சொன்னாள்?

"உதட்டைப் பார்த்தே பேச்சைக் கண்டுபிடிச்சுருவீங்களாமே, நெசமாங்கக்கா?"

மதியச் சாப்பாட்டுக்காகத் தறிகளை நிறுத்தியிருந்த நேரம். மயிலாள் சிரித்தாள். "சோமனூர்ல இதொரு வித்தையா தம்பி? தறி ஓடறப்ப காது எதுக்காகுது? உதட்டைப் பார்த்துத்தான் எல்லாப் பேச்சும்."

கேட்ட முதஸ்ஸிருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவனுக்கு வேலை திருப்பூர் பனியன் கம்பெனியில், பித்து மட்டும் சினிமாவில். ஒரு நாவலை வைத்து எடுத்த ஊமைப்படத்தின் பிரதி அவனுடைய திரைப்படச் சங்கத்துக்குக் கிடைத்திருந்தது. நடுவே வசனம் காட்டும் அட்டைகளைத்தான் காணோம். நாவலைத் தேடிப் பிடித்தால், அதில் கடைசிப் பக்கங்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை படத்தைத் திரையிட வேண்டும்.

"என்ன கதை தம்பி?"

"மக இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கிட்டுப் போயிடறா. அப்பா அவளை ஊட்டுக்குள்ள சேர்க்க மாட்டேங்கறாரு."

பக்கத்தில் இருந்த மயிலாளின் கணவர் தங்கவேலு எழுந்தே விட்டார். அவர்கள் மகள் தமிழ்மதி இதே மாதிரி போய் மூன்று வருஷம். இப்போது அவளுக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கு அழைத்து வரலாம் என்று மயிலாள் வாயெடுத்தாலே வீட்டில் ரகளைதான்.

"உக்காருங்க மாமா, படந்தானே," என்றாள் மயிலாள்.

அவர் உட்கார்ந்தார். ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

லேப்டாப்பில் படம் ஓடியது. மயிலாள் மளமளவென்று சொன்னாள். "'பொண்ணு அழுதிருக்கா, கண்ணைப் பாருங்க'ங்குது சித்தி. 'தூசி விழுந்திருக்கும்'ங்கறாரு அப்பங்காரரு."

முதஸ்ஸிர் நாவலைப் புரட்டிப் பார்த்துத் துள்ளினான். "அச்சு அசல் இதே வரிங்கக்கா. இனிமே கடைசிக் காட்சிதான்."

திரையில், சாத்திய கதவுக்கு வெளியே மகள். உள்ளே அப்பாவின் முன்னால் அம்மா. அவள் உதடு அசைந்தது.

"சொல்லுங்கக்கா."

"அது வந்து தம்பி... 'இத்தனை வருசத்துல உங்க பேச்சை ஒரு நாளும் தட்டுனதில்லை'ங்கறாங்க. 'அவ செஞ்சது தப்பாவே இருக்கட்டும். ஒத்தைப் புள்ளைங்க. இந்த ஒண்ணை மட்டும் எனக்காகச் செய்யுங்க. எம்மவளைக் கூட்டியாங்க'ன்னு..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதஸ்ஸிருக்கும் கண் கலங்கிவிட்டது. தங்கவேலுவின் நாற்காலி எப்போது இந்தப் பக்கம் திரும்பியது என்று இருவருமே கவனிக்கவில்லை. அவர் எழுந்து செல்போனோடு வாசலுக்குப் போனார்.

"தமிழு, அப்பன் பேசறேன் கண்ணு. வண்டி கொண்டாறேன். துணிமணியெல்லாம் எடுத்து வை."

மயிலாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முதஸ்ஸிர் சந்தோஷம் தாங்காமல் அவர் பின்னாலேயே ஓடினான்.

"அந்தம்மா அன்னிக்குப் பேசினது இன்னிக்கு ஒரு குடும்பத்தைச் சேர்த்துருச்சுங்க. அப்படியே அட்டையில போட்டுடறேன்."

"போடுங்க தம்பி, மயிலா சொன்னதையே போடுங்க," என்றார் தங்கவேலு, சாவியை எடுத்துக்கொண்டே. "அந்த நடிகை 'வெயில் தாங்கலை, காப்பி இன்னும் வரலையா'ன்னுதான் கேட்டுச்சு. நானும் முப்பது வருசமாத் தறி ஓட்டறவன்தானுங்களே."