சிவப்பா நீலமா

இன்றைக்கு நீலம்தான் ஜெயிக்கும். எனக்கு நன்றாகத் தெரியும்.

மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றின் தலையில் 'சிவப்பு' என்று தாள் ஒட்டியிருந்தது, இன்னொன்றின் தலையில் 'நீலம்' என்று. நான் சிவப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், சேது நீலத்தின் முன்னால். எங்கள் பாஸ் தங்கராஜு, கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டப்பந்தய வாத்தியார் மாதிரி பின்னால் நின்றார்.

அவர் கை தட்டினார். திரையில் இரண்டு கார்களும் கிளம்பின.

விஷயம் இதுதான். திரையில் படம் ஓடுவதற்குக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு மாட்ட வேண்டும். சிவப்புப் பெட்டியில் வருகிற கார்டு ஒன்று, நீலப் பெட்டியில் வருகிற கார்டு ஒன்று. ஒவ்வொன்றும் முந்நூற்றைம்பது மலேசிய வெள்ளி. மட்டமும் இல்லை, பேங்குக்காரர்கள் வாங்குகிற உசத்தியும் இல்லை. பெட்டியை விட்டு எடுத்துவிட்டால் எது எது என்று பெற்றவனுக்கே தெரியாது, அப்படி ஒன்றுபோல இருக்கும்.

எண்பத்தொன்பதாம் வருடம் அது. கார் விளையாட்டு ஓடுமா என்று கேட்டுக்கொண்டேதான் எங்கள் ஊர் ரவாங்கின் இளவட்டங்கள் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைவார்கள். எந்தக் கார்டில் கார் வேகமாக ஓடுகிறதோ, அதில் இருபது வாங்கிப் போடுவது என்று பாஸ் முடிவு செய்தார்.

ஓட்டிப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். கடைக் கிளார்க் ரமணி, அதாவது நான், இருக்கிறேன். இன்னொரு ஆளுக்கு, பக்கத்து ஊர் பத்தாங் காலியில் தொழிற்சாலை வேலை பார்க்கும் சேதுவைச் சனிக்கிழமை மட்டும் வரச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை.

போன சனிக்கிழமை மூன்று சுற்று ஓட்டினோம். சிவப்பு ஏழு விநாடி முந்தியது. ஓட்டுகிறவர் கைத்திறனாக இருக்கலாம் என்று பாஸ் எங்களை இடம் மாறி உட்காரச் சொன்னார். சேது எழுந்த நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு எங்கே கார் ஓட்டுவது? முதல் வளைவிலேயே புல்லில் ஏறினேன். எப்படியும் சிவப்புதான் ஜெயித்திருக்கும். நீலத்தில் வளைவுக்கு வளைவு படம் திக்கித் திக்கித்தான் வந்தது.

அடுத்த வாரமும் இதே முடிவு வந்தால் ஆர்டர், மாறி வந்தால் மறுபடியும் ஓட்டிப் பார்ப்போம் என்றார் பாஸ்.

இதே முடிவு வந்தால் சேதுவுக்கு ரவாங்கில் என்ன வேலை?

அதனால் நேற்று பாஸ் கிளம்பிய பிறகு, கடையைப் பூட்டுகிற சாக்கில், இரண்டு மூடியையும் கழற்றி இரண்டு கார்டையும் இடம் மாற்றி மாட்டினேன். போன வாரம் சேது கார்டுகளை மாட்டும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கையைத்தான். வேலையும் கூடவே பழகிவிட்டது. குனிந்து நிமிர்ந்ததில் என் கொண்டைதான் அவிழ்ந்துபோனது.

இன்று காலை சேது எனக்கு முன்பே வந்து, தூசி தட்டுகிறேன் என்று இரண்டு கம்ப்யூட்டரையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். பாஸுக்கு ஒரே சந்தோஷம்.

முதல் சுற்று. சிவப்பு வழுக்கிக்கொண்டு போனது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நீலம் திக்கியது. இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே புல்லில் ஏற்றினேன். அப்படியும் சிவப்பு மூன்று விநாடி முந்தியது.

இடம் மாறினோம். நாற்காலி இன்றும் சூடாகத்தான் இருந்தது, அனுபவிக்கத்தான் மனசு இல்லை. நான் நீலத்தில் உயிரைக் கொடுத்து ஓட்டினேன். புல்லையே மிதிக்காத சேது, சிவப்பில் இரண்டு தடவை புல்லில் ஏறினார். சிவப்பு ஒரு விநாடியில் ஜெயித்தது.

இனிச் சந்தேகமே இல்லை என்று பாஸ் சப்ளையருக்குப் போன் போடப் போனார்.

எல்லாம் முடிந்தது. நாலு மணி பஸ் ஏறினால் சேது போயே போய்விடுவார்.

சேது எழுந்திருக்கவில்லை. நீலத்தை முறைத்தார். சிவப்பை முறைத்தார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"காலையில மூடியத் தொறந்தப்ப உள்ள கெடந்துச்சு. ஒங்களுதா?"

என் கொண்டை ஊசி.

தூசி தட்டுவதற்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வெள்ளிக்கிழமை மாற்றியதை அவர் சனிக்கிழமை மாற்றியிருக்கிறார். இரண்டு கார்டும் சமர்த்தாக அதனதன் இடத்துக்கே திரும்பியிருக்கின்றன.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினேன். அவர் காது சிவந்துவிட்டது. போனில் பாஸ் இருபது, இருபது என்று கத்திக்கொண்டிருந்தார்.

சேது சட்டென்று எழுந்தார்.

"பாஸ், இருபதையும் ஓட்டிப் பாக்காம விக்கக் கூடாது லா. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் முடியும்."

பாஸ் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆமாம், கெட்டுப்போனால் வாங்கியவர்கள் என்னிடம்தானே வந்து நிற்பார்கள் என்றேன், முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு. அவர் யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

சுவரில் மாட்டியிருந்த காலண்டரில், கார்டுக்கு ஒன்றாக மிச்சமிருந்த சனிக்கிழமைகளை எண்ணினேன். பதினாறோடு வருடமே முடிந்துவிட்டது. இன்னும் நாலுக்குப் புதுக் காலண்டர் வேண்டும்.

ஊசி என்னுடையதுதான் என்று சொன்னேன். சேது தலையாட்டிவிட்டு, அதைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.