ஞானாம்பாளுக்கு மட்டும் வாந்தி

"சார், அந்த அம்மா பொய் சொல்லுது" என்றார் டிரைவர் கண்ணாயிரம்.

இன்ஜினீயர் பாலகுமார் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்த அம்மா?"

"நம்ம வண்டியில வேற யாரு? ஞானாம்பாதான். வண்டி ஓடறப்ப வேடிக்க பாத்துக்கினு ஜம்முனு வருது. நான் கண்ணாடியில பாத்துக்கினுதானே இருக்கேன். நீங்க நோட்ட எடுத்ததும் முந்தானைய வாயில பொத்திக்குது."

பாலகுமாருக்கும் இந்தச் சந்தேகம் மூன்று நாளாக உண்டு.

சாதாரணக் காரில் பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு குனியும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கம் சாயும். வயிற்றைப் புரட்டுவது இந்த ஆட்டம்தான். பாலகுமாரின் வண்டியில் நாலு சக்கரத்தின் பிரேக்கும் தனித்தனியாக வேலை செய்யும். எந்தச் சக்கரத்தை எவ்வளவு பிடித்தால் குனியாமல், சாயாமல் போகும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுப் பிடிக்கும். நாலு வருட உழைப்பு.

இதை வாங்க வந்த சென்னைக் கம்பெனி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டது. பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற இரண்டு பேரைப் பத்து நாள் அழைத்துப் போய் வர வேண்டும். இரண்டு பேருக்கும் குமட்டக் கூடாது. குமட்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேல்பட்டாம்பாக்கத்தில் விசாரித்தபோது ஊரே ஞானாம்பாளைக் கை காட்டியது.

"அது மாரி ஆளு உங்களுக்குக் கெடைக்காது சார். ஒரே மவ ரேகா, சிதம்பரத்துல டீச்சரு. பஸ்ஸ நெனச்சாலே வாந்தின்னு ஆறு வருசமா அங்க போவவே இல்ல. பேரனுக்குக் காது குத்தினப்பகூடப் போவல."

இன்னொருவர் அதே ஊர் கோவிந்தசாமி. முன்பெல்லாம் நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் ஒரு பையை நிரப்பிவிடுகிறவர், இப்போது வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேன் சார். இது வண்டி இல்ல, தொட்டிலு!" என்பார் விழித்ததும்.

தினமும் காலையில் கிளம்பி, கடலூர் வழியாகச் சிதம்பரம். ஊருக்குள் நுழையும் வண்டிகேட் முனையில் டீ. அப்புறம் திரும்ப வேண்டியது.

அங்கே எல்லாரும் இறங்குவார்கள். ஞானாம்பாள் மட்டும் இறங்க மாட்டாள். பாலகுமார் நோட்டை எடுத்ததும், பக்கத்தில் கோவிந்தசாமி நிற்கும்போதே, "கொமட்டுதுப்பா, எழுதிக்க" என்பாள். மகள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

"ஒம்போது நாளா வருது. பெத்த பொண்ண ஒரு எட்டு போய்ப் பாத்துச்சா?" என்றார் கண்ணாயிரம். "சரியாப் போச்சுன்னா நாம நிறுத்திடுவோம்னு நெனைக்குது சார். கார்ல சும்மா சுத்துற சுகம். இதெல்லாம் ஒரு தாயா?"

பத்தாம் நாள். கண்ணாயிரமும் கோவிந்தசாமியும் டீக்கடைக்குப் போனதும், பாலகுமார் பின்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னிக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

"கொமட்டுது தம்பி."

"ஆலப்பாக்கத்துல மாடு குறுக்க வந்து சடன் பிரேக் போட்டமே, அப்ப?"

"அப்பவுந்தான்."

"அப்ப நீங்க முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தீங்க."

ஞானாம்பாள் மடியிலிருந்த முறுக்குத் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

பாலகுமாருக்கு ஆத்திரம் வந்தது. "ஒரு மனுசனோட நாலு வருச உழைப்பும்மா இது. உங்க ஒருத்தரால எல்லாம் போயிடும். அது உங்களுக்குப் புரியுதா?"

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவன் கோபம் தணிந்தது. பாவம், பழகிப்போன பயமாக இருக்கும் என்று நினைத்தான்.

"சரி, விடுங்க. இனிமே ஊருல தனியாக் கெடக்க வேணாம். நெனச்சப்ப வந்து மகளைப் பாக்கலாம். வீடு எதுன்னு சொல்லுங்க, வாசல்லயே கொண்டுபோய் இறக்கறேன்."

எழுந்து டிரைவர் சீட்டுக்குப் போகப் பார்த்தான். அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தம்பி! ஒன்னக் கும்புட்டுக் கேட்டுக்கறேன், வேணாம்."

"ஏம்மா?"

"எனக்கு வாந்தியே வராது தம்பி. பொறந்ததுலேருந்து வந்ததில்ல."

பாலகுமார் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"கரும்பு வெட்டுற ஆத்தாள மாப்ள ஊட்டாருக்குக் காட்ட என் மவளுக்குக் கூச்சம். கல்யாணத்துக்கப்பறம் ஒரு நாளு வான்னு கூப்புடல. காதுகுத்துக்கும் சொல்லல. ஏன் போவலன்னு ஊருல கேட்டாங்க. வாயில வந்தத சொல்லி வச்சேன்."

"அப்ப எதுக்கும்மா இங்க வர ஒத்துக்கிட்டீங்க?"

"ஊரே கை காட்டுது. மாட்டேன்னு எப்பிடி சொல்றது? அதுமில்லாம..." அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். "பேரன நான் பாத்ததே இல்ல தம்பி. யூனிபாரம் போட்டுக்கினு போவற புள்ளைங்களப் பாத்துக்கினே இருப்பேன். அதுல எது எங்க புள்ளன்னு தெரியல."

பாலகுமார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தான். மடியில் நோட்டு திறந்தபடி கிடந்தது.

டீக்கடையிலிருந்து கோவிந்தசாமி வாயைத் துடைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. ஞானாம்பாள் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒன் பொழப்ப நான் கெடுக்க மாட்டேன். நோட்டுலேருந்து என் பேர அடிச்சுட்டு வேற ஆளப் போட்டுக்க. ஆனா கோவிந்தசாமி காதுல வுழற மாரி, இந்தம்மாவுக்கு மட்டும் எந்த வண்டியும் சேரலன்னு சத்தமா ஒரு வார்த்த சொல்லிடு தம்பி. இல்லன்னா ஊருல எல்லாரும் என் மவளத்தானே தப்பா பேசுவாங்க!"