வாலின் வேலை

எங்கள் மலையேற்றக் குழுவில் கடைசியாக இறங்குபவனுக்கு 'வால்' என்று பெயர். பாதை பிரியும் இடங்களில் தலைவர் கட்டிவிட்டுப் போன சிவப்பு நாடாக்களை அவிழ்த்துக்கொண்டே வருவது வாலின் வேலை.

போன வருடம் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து அவிழ்த்துவிட்டேன். எங்களோடு வந்த தையல்காரர் ஒருவர் மேலேயே இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் பள்ளத்தில் அவர் உடல் கிடைத்தது.

இன்றும் நான்தான் வால். ஆட்களை இரண்டு தடவை எண்ணிய பிறகே நாடாவில் கை வைத்தேன். கட்டியது பன்னிரண்டு, அவிழ்த்தது பன்னிரண்டு.

அடிவாரத்தில் தலைவர் சிரித்தார். "என்னண்ணே, முதுகுப்பையில நாடா ஒண்ணு கட்டிக்கிட்டு வர்றீங்க? தொலைஞ்சு போயிடுவோம்னு பயமா?"

பையைக் கழற்றிப் பார்த்தேன். அது இன்றைய நாடா இல்லை, வெளுத்துப்போயிருந்தது. முடிச்சு புதிது.

எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போன வருடமும் அதையேதான் சொன்னேன்.