வாசலில் நின்றவள்

கழுத்து பாதி அறுபட்டிருந்தது. வெள்ளை விரிப்பில் ரத்தம் கோடுகோடாக இறங்கியிருக்க, சசிரேகா கொஞ்சமும் பதறாமல் அதைத் துணியால் ஒற்றித் துடைத்தாள்.

படம்தான், துடைத்தது அதன்மேல் கசிந்த பசையை. பழைய ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றி மாணவர்கள் படிக்கிற தடிப் புத்தகம். குன்னூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டி அட்டை போடுவது அவள் வேலை. அன்றைக்குள் முடியாததைத் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவாள்.

போன வாரம் இந்தப் புத்தகத்தாலேயே புருஷன் பாண்டியராஜ் அவள் வாயில் அடித்தான். பல் ஒன்று போயிற்று. இன்று ஞாயிற்றுக்கிழமை, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைக் காட்டிச் சொல்லிவிட்டு, அதைக் கூரையில் செருகிவிட்டுப் போயிருந்தான்: "நாளைக்கு வேலைக்குக் கெளம்புனே, கழுத்தறுத்துப் போடுவேன்." சொன்னபோது அவன் குடித்திருக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயம்.

மாமியார் பாலாமணி அடுப்போரம் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். மகன் அடிக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்காதபடி வாசலில் போய் நின்றுகொள்வாள். மகா புண்ணியவதி! மகனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் வலது மணிக்கட்டு எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. குழாயடியில் வழுக்கியது என்பாள். மகன் உள்ளே வந்தால் மட்டும் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

"அதென்ன படம் புள்ள?"

சசிரேகா புத்தகத்தை மூடப் பார்த்தாள். பசை காயவில்லை, மூடவும் முடியாது.

"பழைய கதைங்கத்தே. ஊரை அழிக்க வந்த தளபதி குடிச்சுட்டுக் கெடக்கறான். இவ அவன் தலைய எடுக்கறா."

"பக்கத்துல நிக்கறவ?"

"அவளோட வேலைக்காரிங்கத்தே. ஒருத்தர் வரைஞ்சதுல சும்மா வாசல்ல நிக்கறா. எதிர்ப்பக்கத்துல இன்னொருத்தர் வரைஞ்சதுல, அவன் கைய அமுக்கிப் புடிக்கறா."

பாலாமணி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. கெட்ட வார்த்தைகள் படியேறி வந்தன, கதவு உதைபட்டது. உள்ளே வந்தவன் சசிரேகாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது.

"இதுதானடி உன்னைக் கெடுக்குது!"

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பை நோக்கித் திரும்பியவன், போதையில் கால் தடுக்கிக் கட்டிலில் குப்புற விழுந்தான். விழுந்தவன் எழவில்லை, குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

கண்ணை மறைத்த ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள் சசிரேகா. பாலாமணி இந்தமுறை வாசலுக்குப் போகவில்லை. கதவை உள்ளே தாழிட்டிருந்தாள். கையில் கவாத்துக் கத்தி.

ஐயோ, மகன் சொன்னதைத் தாய் முடித்துவைக்கப் போகிறாளா! சசிரேகா சுவரோடு ஒண்டினாள்.

"அத்தே, வேண்டாங்க... வேலைக்குப் போகலீங்க..."

பாலாமணி கத்தியை மருமகள் கையில் திணித்தாள். கட்டிலில் ஏறி, மகனின் இரண்டு கைகளையும் முதுகோடு சேர்த்து அழுத்தினாள். அந்தக் கோணல் கை முந்தானைக்கு வெளியே இருந்தது.

"நான் வாசல்ல நின்னது போதும். அறு புள்ள."